பத்தாயத்துக் கதவு

எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்றைய தேதிக்கு மூன்று நாற்காலி, ஒரு பெஞ்சு, கால் உடைந்த மேஜை ஒன்று, மூடி இல்லாத பெட்டி ஒன்று கிடக்கின்றன. வருகிறவர்களுக்கு உட்கார இடம் இல்லை. நாற்காலி மூன்று இருக்கே என்பீர்கள். மூன்றும் பிரிந்து கிடக்கின்றன. "இது திண்ணையா, காயலாங்கடையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வீட்டுக்காரி கேட்பதை நிறுத்தி ரெண்டு வருசம் ஆச்சு.

போன அறுவடை சமயத்தில் களத்து நெல்லைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். அதில் ஓரமாக ஒரு கை வைத்த நாற்காலி தெரிந்தது. எங்கே வாங்கினீங்க, என்ன விலை, எங்களுக்கும் ஒண்ணு பார்த்துக் கொடுங்கன்னு ஏகப்பட்ட பேர் கேட்டுட்டீங்க. நெல்லு என்ன விலைன்னு ஒருத்தரும் கேட்கலை, அது வேற விஷயம். தனித்தனியாகப் பதில் சொல்ல முடியாததால் எல்லாத்தையும் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரு போகம்தான். கண்மாய்ப் பாசனம். ஆவணி, புரட்டாசியில் விதைத்தால் தை, மாசியில் அறுப்பு. அதுக்குப் பிறகு ஆடி வரைக்கும் கைக்குப் பெரிய வேலை கிடையாது. ரெண்டு மாடு, நாலு தென்னை, அவ்வளவுதான். அந்த நாட்களில் ஊரில் ஆம்பளைகள் செய்கிற காரியம் மூணு. டீக்கடை, சீட்டு, பஞ்சாயத்து. எனக்கு மூணும் சரிப்பட்டு வரலை.

மரவேலைப் பைத்தியம் பிடித்தது கஜா புயலால். 2018 நவம்பர் 16 விடியக்காலையில் அது எங்கள் பக்கம் அடித்துப் போனபோது, கொல்லையில் நின்ற பலாமரம் வேரோடு சாய்ந்தது. அப்பா வைத்த மரம். புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் அந்த வாரம் விழாத மரமே இல்லை. விறகுக்குக் கேட்டு வந்தவன் சொன்ன விலை வெட்டுக்கூலிக்குக் கூடக் காணாது. எங்கள் ஊர் ஆசாரிக்கு அப்போதே எழுபது வயசை நெருங்கியிருந்தது. அவர்தான் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பலாவை அடுப்புல வைக்காத. மில்லுல குடுத்து அறுத்து வை. இன்னைக்கு இல்லாட்டி என்னைக்காச்சும் உதவும்" என்றார். ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்து, மாட்டுக்கொட்டகைப் பரணில் இடையிடையே ரீப்பர் கொடுத்துக் காற்று போக அடுக்கினோம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருசம் காயணும் என்பது ஆசாரி கணக்கு.

பலகை காயிற வரைக்கும் சும்மா இருக்க முடியவில்லை. அவர் பட்டறையில் போய் உட்கார ஆரம்பித்தேன். உளி தீட்டிக் கொடுப்பேன், ரம்பம் போடும்போது பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன், டீ வாங்கி வருவேன். ஐம்பதைத் தொடுகிற வயசில் எடுபிடி. அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், பேரன் கம்ப்யூட்டர் படிக்கிறான். அதனால் என்னை விரட்டவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த கோடையில் ரெண்டு பஸ் மாறிக் காரைக்குடிக்குப் போனோம், அவர் தாழ்ப்பாள் வாங்க, நான் சும்மா. அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தூண், நிலை, கதவு, பெட்டகம், ஊஞ்சல் பலகை, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுகிற சாய்வு மூடிப் பெட்டி, எனாமல் தட்டு, சாமி படம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்தவை. அந்தக் காலத்தில் நகரத்தார் பர்மாவில் லேவாதேவி செய்தபோது ரங்கூனிலிருந்தும் மௌல்மீனிலிருந்தும் கப்பலில் தேக்கு வந்து இறங்கியது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் பலர் எல்லாத்தையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அதுக்குப் பிறகு அந்தப் பெரிய வீடுகளைப் பராமரிக்க வழியில்லை. பங்காளிகள் இருபது, முப்பது பேர், ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் மலேசியாவில். ஓடு சரியும், மழை இறங்கும், கடைசியில் பிரித்து விற்பார்கள். அப்படிப் பிரித்த சாமான்தான் தெருவில் நிற்கிறது.

ஆசாரி தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு மூலையில் கிடந்த நாற்காலியை எழுநூறு ரூபாய்க்கு வாங்கினேன். பச்சை எனாமல் பெயிண்ட், ஒரு கை ஆடுது, உட்காருகிற இடத்தில் பிரம்புக்குப் பதில் பிளைவுட் தகடு அடித்திருந்தது. பஸ்ஸில் அதுக்கு அரை டிக்கெட் போட்டார் கண்டக்டர். "எழுநூறு குடுத்துப் பச்சைப் பெயிண்டு வாங்கிருக்க" என்றார் ஆசாரி. படத்தில் நீங்கள் பார்த்தது அந்த நாற்காலிதான்.

பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே காவி. அவ்வளவையும் எடுக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாசத்தில் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று காஸ்டிக் சோடாவைக் கரைத்து முதுகுப் பலகையில் தேய்த்தேன். பெயிண்ட் வழுவழுவென்று கழண்டு வந்தது. சந்தோஷமாகப் படுத்தேன். காலையில் பார்த்தால் பலகை கரி பிடித்த தோசைக்கல் மாதிரி கறுத்துக் கிடந்தது. தேக்கிலும் வேங்கையிலும் இருக்கிற துவர்ப்புச் சத்தோடு சோடா சேர்ந்தால் கறுத்துப் போகுமாம். நாற்காலியைத் திருப்பிப் பார்த்தால் இன்னும் அந்தக் கறுப்பு தெரியும்.

ஆசாரி சொல்லிக் கொடுத்தது கண்ணாடிச் சில்லு. உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் வெங்காயத் தோல் மாதிரி உரியும். கைக்குத் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம் உப்புத்தாள், முதலில் 80 நம்பர், பிறகு 120, கடைசியில் 220. மர ரேகை ஓடுகிற பக்கமாகவே இழுக்கணும், குறுக்கே இழுத்தால் பாலிஷ் போட்ட பிறகு ஒவ்வொரு கீறலும் பல் இளிக்கும். இன்னொன்று, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகத்தைக் கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கைதான் வலிக்கும்.

ஆடுகிற கையைப் பிரித்துத்தான் சேர்க்கணும். ஆணி அடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய ஆட்கள் கழுந்து செதுக்கித் துளையில் இறக்கி, வச்சிரப் பசை வைத்து, மூங்கில் ஆணி அடித்திருப்பார்கள். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, இணைப்பில் வெந்நீர்த் துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டால் வச்சிரம் இளகிக் கொடுக்கும். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. எண்பது வருசம் பிடித்திருந்தது, வெந்நீருக்கு விட்டுக் கொடுத்தது. இப்போது நாங்கள் வைக்கிற ஃபெவிகால் அப்படி விட்டுத் தராது. எனக்கு அடுத்து வருகிறவன் பிரிக்கும்போது என்னைத் திட்டுவான்.

பாலிஷுக்கு அவலரக்கு. பார்க்க அவல் மாதிரித் தட்டையாக, வெல்லம் நிறத்தில் இருக்கும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 கிராம் போட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து வடிகட்டினால் பாலிஷ் ரெடி. பஞ்சைத் துணியில் பொட்டணம் கட்டித் தொட்டுத் தொட்டு இழுக்க வேண்டும். ஒரு பூச்சு இல்லை, பத்துப் பன்னிரண்டு பூச்சு. மழை நாளில் போட்டால் வெள்ளை பூத்துவிடும். அதனால் இதுவும் கோடை வேலைதான், வெள்ளாமைக்கு இடைஞ்சல் இல்லாத வேலை. காய்கிறதுக்காக வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு மேஜைப் பலகையைச் சித்திரை வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் பொரித்த அப்பளம்.

மரம் பார்க்கிறது எப்படி என்று ஒரு டாக்டரம்மா கேட்டிருந்தார்கள். விவசாயிக்கு இது கொஞ்சம் சுலபம், ஏர், வண்டி, நுகத்தடி எல்லாம் மரமாக இருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். கலப்பைக்குக் கருவேலம், நுகத்தடிக்கு மஞ்சணத்தி, வண்டிக்குப் பூவரசு. வீட்டுச் சாமானில் பலா என்றால் மஞ்சளாக இருக்கும், வயசாக வயசாகச் சிவக்கும். வேம்பில் பூச்சி விழாது, சுரண்டினால் கசப்பு வாடை. வேங்கைத் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் பார்த்தால் ஓரத்தில் நீலம் தட்டும். தேக்கை யாருக்கும் தெரியாத இடத்தில் நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள், எண்ணெய்ப் பசையோடு புதுச் செருப்பு வாசம் மாதிரி ஒன்று வரும். மேல் பாலிஷை நம்பவே கூடாது. புது மரத்தில் செய்து, கறுப்புச் சாயம் பூசி, ரெண்டு இடத்தில் சங்கிலியால் அடித்து நூறு வருசம் என்று விற்கிறார்கள். இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பக்கம் விரலை ஓட்டுங்கள். கையால் இழைத்த பலகை என்றால் லேசாக அலை அலையாக விரலுக்குத் தெரியும். மெஷின் பலகை கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே பாலிஷ் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள், அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு யாரும் பாலிஷ் போட்டதில்லை. பூச்சி ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், கீழே புது மாவு கொட்டியிருக்கா என்று மட்டும் பாருங்கள். மாவு இல்லையென்றால் பூச்சி எப்போதோ போய்விட்டது. மாவு இருந்தால் கோழிக்கு ஊசி போடுகிற சிரிஞ்சில் மர மருந்தை எடுத்து ஓட்டை ஓட்டையாக விட்டு, பாலிதீன் தாளால் சுற்றிப் பத்து நாள் கட்டி வைப்பேன். கத்தரிக்கு மருந்தே அடிக்காத ஆள் நாற்காலிக்கு ஊசி போடுறாரு பாருங்கன்னு வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

இனி, என்ன விலை என்று கேட்டவர்களுக்கு. அதுக்குத்தான் பதில் எழுத இத்தனை நாள் தள்ளினேன்.

எங்கள் வீட்டில் ஒரு பத்தாயம் இருந்தது. டவுன் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், நெல் கொட்டி வைக்கிற மரப்பெட்டி. பெட்டி என்றால் சின்னதில்லை, ஆள் உயரம், ஒரு கட்டில் அகலம், முப்பது மூட்டை பிடிக்கும். பலகையில் காடி எடுத்து ஒன்றுக்குள் ஒன்று சொருகியது, ஒரு ஆணி கிடையாது. தரை ஈரம் ஏறாமல் இருக்கக் கால் வைத்து நிற்கும். மேலே கதவு வழியாகக் கொட்டுவோம், கீழே சின்ன வாய், இழுப்புப் பலகையைத் தூக்கினால் நெல் சரசரவென்று கூடைக்குள் விழும். எங்கள் தாத்தா செட்டிநாட்டுப் பக்கம் வீட்டு வேலைக்குக் கல் வண்டி ஓட்டியவர். வேலை முடிந்து மிஞ்சிய பலகையைக் கூலிக்குப் பதிலாக வாங்கி வந்து செய்தது என்பார் அப்பா. சின்ன வயசில் நெல் குறைந்த மாதங்களில் நானும் தங்கச்சியும் உள்ளே இறங்கி ஒளிந்துகொள்வோம். நொச்சி இலை வாசமும் இருட்டும் சேர்ந்து இன்னும் மூக்கில் இருக்கு.

அப்பாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. எண் மட்டும் தெரியும். ஒவ்வொரு தை மாசமும் நெல் கொட்டி முடித்ததும், கதவின் உள்பக்கத்தில் ஆணியால் வருசத்தைக் கீறி, அதுக்குப் பக்கத்தில் மூட்டைக் கணக்குக்குக் கோடு போடுவார். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. பேங்க் பாஸ்புக் இல்லாத வீட்டில் அதுதான் பாஸ்புக். வட்டிக்கு வாங்கப் போகும்போதும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும், கதவைத் திறந்து வைத்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

2016-ல் வடகிழக்கு மழை பொய்த்தது. கண்மாயில் கிரிக்கெட் விளையாடினார்கள் பையன்கள். பயிர் முழுக்கக் கருகியது. அடுத்த ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். நிவாரணம் பிறகு வந்தது, ஆனால் மகளுக்கு நர்சிங் காலேஜில் பணம் கட்டுகிற கெடு பிறகு வரவில்லை. நகை ஏற்கெனவே அடகில். அந்த நேரம் பார்த்து டிவிஎஸ் வண்டியில் ஒருத்தர் பழைய மரச்சாமான், பித்தளை, வெங்கலம் என்று கூவிக்கொண்டு வந்தார். அவர் கூவுவதற்கு முன்னாலேயே என் கண் பத்தாயத்து மேல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருசா வருசம் வருகிறவர்தான், வேறு வருசமாக இருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ஏழாயிரம் கேட்டேன். "நெல்லே இல்ல, பெட்டி எதுக்கு?" என்றார். வாஸ்தவமான கேள்வி. ஐயாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

மறுநாள் குட்டியானை வண்டியோடு ரெண்டு பையன்கள் வந்தார்கள். சாக்பீஸால் பலகைக்கு நம்பர் போட்டு, காடியிலிருந்து உருவி, முக்கால் மணி நேரத்தில் ஏற்றிவிட்டார்கள். பத்தாயம் நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அப்பா அப்போது இல்லை, 2011-லேயே தவறிவிட்டார். அம்மா கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டது. நான் பணத்தை ரெண்டு தடவை எண்ணினேன்.

கதவு எனக்கு அன்றைக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. 2018 தையில் ஓரளவு விளைந்தது, பதினேழு மூட்டை. சாக்கோடு கூடத்தில் அடுக்கிவிட்டு, பழக்கத்தில் பரணில் ஆணியைத் தேடி எடுத்தேன். கோடு போடக் கதவைத் தேடித் திரும்பினேன். அப்போதுதான் உறைத்தது.

இதுதான் நான் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைய ஆரம்பித்த கதை. ஆசாரியோடு சும்மா போனேன் என்று மேலே எழுதியது பாதி உண்மை.

இதுக்கு அப்புறம் நான் செய்ததையும் சொன்னால்தான் சரியாக இருக்கும். 2021-ல் கொரோனா இரண்டாம் அலை. மேலத்தெரு அயித்தையின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். அயித்தை ஒருநாள் சாயங்காலம் வந்து, "ஏப்பா, நீதான் பழைய பெட்டியெல்லாம் வாங்குறியாமே. எங்க வீட்டுல ஒண்ணு கிடக்கு, எடுத்துக்கிறியா? ரெண்டாயிரம் குடு போதும்" என்றது. போய்ப் பார்த்தேன். அது கல்யாணம் ஆகி வந்தபோது கொண்டுவந்த சீர்ப்பெட்டி. மேலே உரச்சாக்கு, ஒரு கோழி. நீலப் பெயிண்ட். தூக்கிப் பார்த்த கனத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது தேக்கு என்று. தெரிந்தது என்று முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ரெண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன், ஐந்நூறு கூடக் கொடுத்த பெருமையோடு தூக்கி வந்தேன்.

பெயிண்டை எடுத்தால் பர்மா தேக்கு, மூலைக்கு மூலை பித்தளைப் பூண், உள்ளே நகைக்குத் தனியாக ஒரு ரகசிய அறை. ரெண்டு மாசம் அதன் மேலேயே கிடந்தேன். என் கையால் அதுவரைக்கும் அப்படி ஒரு பொருள் வந்ததில்லை. நண்பர் ஒருத்தரோடு சென்னையிலிருந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டு இருபத்திரண்டாயிரம் என்றார். கூட ஆயிரம் வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். யோசிக்க ஒன்றுமில்லை, உள்ளுக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தேன், மோட்டார் காயில் கட்டணும், பாக்கியை உரக்கடையில் கொடுக்கணும்.

ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரி தலை நிமிராமல் சொன்னாள். "பத்தாயத்த எடுத்துட்டுப் போனவன நாலு வருசமா திட்டுறீங்க. அவனாவது வெளியூர்க்காரன்."

மறுநாள் அயித்தை வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன், என் காசைப் பிறகு கொடுங்கள் என்றேன். அது சிரித்தது. "கூரை ஒழுகுது, கோழி வேற பேண்டு வைக்குது. நீ நல்லா வெச்சிருக்க, உன்கிட்டயே இருக்கட்டும்." விலை வந்த கதையைச் சொன்னேன். நம்பவில்லை. "ஒரு பெட்டிக்கா?" என்று நாலு தடவை கேட்டது. கடைசியில் விற்றோம். இருபத்திரண்டாயிரத்தில் என் ரெண்டாயிரத்து ஐந்நூறையும், அரக்கு, ஸ்பிரிட், பித்தளைப் பூண் செலவையும், கூலி என்று நாலாயிரத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சம் பதினாலாயிரத்தைக் கொடுத்தேன். எல்லாம் சுபம் என்று நினைத்தால், ரெண்டு நாளில் திருப்பூரிலிருந்து அவன் போன். "மச்சான், உண்மையில எவ்வளவுக்குப் போச்சு?" இன்றைக்கும் தெருவில் பார்த்தால் அவன் பேச்சில் ஒரு இழுப்பு இருக்கிறது. நான் காசே கொடுக்காமல் இருந்திருந்தால் அவன் பாட்டுக்குப் பேசியிருப்பான். நாலாயிரம் கூலி எடுத்தது சரியா என்று எனக்கும் தெளிவில்லை. ரெண்டு மாச உழைப்பு அது, விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை.

அதிலிருந்து சுற்று வட்டாரத்தில் யாராவது சாமான் விற்கிறேன் என்று வந்தால் அன்றைக்கே தூக்குவதில்லை. என்ன மரம், காரைக்குடியில் என்ன விலை போகும் என்று சொல்லிவிடுவேன். ஒரு மாசம் கழித்தும் விற்கிற எண்ணம் இருந்தால் சொல்லுங்க என்பேன். அவசரம் என்றால் கைமாற்றாக இருப்பதைக் கொடுப்பேன், சாமானைத் தொட மாட்டேன். அந்த ஒரு மாசத்தில் பாதிப் பேர் வருவதில்லை. மழை பெய்திருக்கும், மகன் பணம் அனுப்பியிருப்பான், குழுக் கடன் வந்திருக்கும். ஒரு ஊஞ்சலும், தோதகத்திக் கட்டில் ஒன்றும் அப்படி என் கையை விட்டுப் போயின. கட்டிலை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்யுது. ஊர்க்காரன் ஒருத்தன் சொன்னான், "உனக்கு ஏவாரம் தெரியல." அதனால்தான் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என்னால் முடியாது. கடையில் வாங்குங்கள், மேலே சொன்னபடி அடிப்பக்கம் தடவிப் பார்த்து வாங்குங்கள். கிராமத்தில் நேராக யார் வீட்டிலாவது வாங்குவதாக இருந்தால், எதுக்கு விற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

பலாப் பலகை காய்ந்த பிறகு ஆசாரியும் நானும் ஒரு சின்னப் பத்தாயம் செய்தோம். நாலு மூட்டைதான் பிடிக்கும், விதை நெல்லுக்கு. அதன் கதவில் 2022-லிருந்து கோடு போட்டு வருகிறேன். அதுக்கு மேலே அப்பா கணக்கையும் ஞாபகத்திலிருந்து எழுதிவிடலாம் என்று ஒருநாள் ஆணியோடு உட்கார்ந்தேன். 1978-க்கு நேரே முப்பத்தொன்று, பத்தாயம் நிறைந்து வழிந்த வருசம், ஒரு மூட்டை வெளியில் இருந்தது. 1983-க்கு நேரே ஒன்றுமே இல்லை, முந்தின மழைக்காலம் காய்ந்துபோனதால் வெறும் வருசம் மட்டும் கீறியிருந்தார். இது ரெண்டும்தான் வந்தது. முப்பது வருசத்துக்கு மேலான கணக்கில் மிச்சம் எதுவும் வரவில்லை. அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை.

காரைக்குடிக் கடைகளில் கேட்டுப் பார்த்துவிட்டேன். பத்தாயம் பத்தாயமாகப் போவதில்லையாம், பலகையாகத்தான் போகுமாம். கன அடிக் கணக்கில் சென்னைக்கு, பெங்களூருக்கு, கொச்சிக்கு. அகலப் பலகை என்பதால் பெரும்பாலும் சாப்பாட்டு மேஜை செய்வார்களாம்.

உங்கள் வீட்டில் பழைய பலகையில் செய்த மேஜை இருந்தால், ஒருநாள் குனிந்து அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மூணு அடிக்கு ரெண்டு அடி இருக்கும் அந்தப் பலகை, ஒரு ஓரத்தில் கீல் இருந்த ரெண்டு பள்ளம். இழைத்துத் தள்ளியிருந்தால் போச்சு. மேல்பக்கத்தை மட்டும் இழைத்துவிட்டு உள்பக்கத்தை அப்படியே விட்டிருந்தால் வருசமும் கோடும் இருக்கும், நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. அப்பா 7-ஐத் திருப்பிப் போடுவார். மேஜை எனக்கு வேண்டாம், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், எண்கள் தெரிகிற மாதிரி.